சிடிஎல்ஏ-4: ஒரே புரதம், எதிரெதிரான மருந்துகள்

கேள்வி இது: சிடிஎல்ஏ-4 என்ற மரபணு நோயெதிர்ப்பைக் கட்டுப்படுத்துகிறது என்கிறார்கள். அது உருவாக்கும் புரதத்தைத் தடுக்கும் மருந்தைப் புற்றுநோய்க்குத் தருகிறார்கள். அதே புரதத்தின் ஒரு பகுதியையே மருந்தாக்கி முடக்குவாதத்துக்கும் தருகிறார்கள். இது எப்படி? மரபணு அறிக்கையில் சிடிஎல்ஏ-4 மாற்றம் இருப்பதாக வந்தால் பயப்பட வேண்டுமா?

முதல் பாதிக்கு ஒரே வரியில் பதில் சொல்லலாம். நோயெதிர்ப்பை நடத்தும் வெள்ளையணுக்களில் ஒரு வகை டி செல். அதைக் கிளப்பிவிடும் இரண்டு மூலக்கூறுகள் இருக்கின்றன: சிடி80, சிடி86. அவை டி செல்லுக்குக் கிடைக்காமல் செய்வதுதான் சிடிஎல்ஏ-4-இன் முக்கிய வேலை. அவற்றை இன்னும் கொஞ்சம் ஒளித்து வைத்தால் எதிர்ப்பு தணியும், கொஞ்சம் அதிகம் கிடைக்க விட்டால் எதிர்ப்பு ஏறும். இரண்டு வகை மருந்துகளும் கை வைப்பது இந்த அளவின் மேல்தான். பிரபல விளக்கங்கள் இதை "டி செல்லின் பிரேக்" என்று சொல்லி முடித்துவிடுகின்றன. அந்த உவமையை வைத்துக்கொண்டு யோசித்தால் கீழே வரும் சோதனைகளில் பாதி புரியாமல் போகும். காரணம், பிரேக் இருக்கும் வண்டியை மட்டும்தான் பிரேக் நிறுத்தும். சிடிஎல்ஏ-4 அப்படியல்ல, தன்னிடம் அது இல்லாத பக்கத்து செல்லையும் அடக்கும்.

முதலில் டி செல் எப்படி விழித்துக்கொள்கிறது என்று பார்ப்போம். கிருமியின் ஒரு துண்டை டென்ட்ரைட்டிக் செல் தன் மேற்பரப்பில் ஏந்திக்கொண்டு நிணநீர்க்கணுவுக்கு வருகிறது. அந்தத் துண்டுக்குப் பொருத்தமான ஏற்பி உள்ள டி செல் அதை அடையாளம் காண்கிறது. இது முதல் சமிக்ஞை, இது மட்டும் போதாது. டென்ட்ரைட்டிக் செல்லின் மேல் உள்ள சிடி80 அல்லது சிடி86, டி செல்லின் மேல் உள்ள சிடி28 என்ற புரதத்தோடு சேர வேண்டும். இது இரண்டாவது சமிக்ஞை. இரண்டும் சேர்ந்தால்தான் டி செல் பெருகும், ஆயுதம் ஏந்தும். முதலாவது மட்டும் கிடைத்த டி செல் பெரும்பாலும் செயலிழந்து கிடக்கும். நம் உடலின் சொந்தப் புரதங்களை அடையாளம் காணும் டி செல்கள், அவை முதிரும் சுரப்பியான தைமஸில் முழுவதும் களையெடுக்கப்படுவதில்லை, சில தப்பித்து வெளியே வருகின்றன. அவை எல்லாருடைய உடலிலும் இருந்தும் பெரும்பாலோருக்கு நோய் வராததற்கு இந்த இரண்டாவது சமிக்ஞையின் கெடுபிடி ஒரு முக்கியக் காரணம்.

சிடிஎல்ஏ-4 மரபணு மனிதரில் 2ஆம் குரோமோசோமின் நீண்ட கையில், 2க்யூ33 என்ற இடத்தில், சிடி28 மரபணுவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டும் ஒரே மூதாதை மரபணு இரட்டித்ததால் வந்தவை என்று கருதப்படுகிறது. ஜாடையும் அப்படித்தான்: சிடி80, சிடி86-ஐப் பிடித்துக்கொள்ளும் இடத்தில் இரண்டு புரதங்களிலும் மெத்தியோனின், டைரோசின், மூன்று புரோலின், மீண்டும் ஒரு டைரோசின் என்று அதே ஆறு அமினோ அமிலங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரே இரைக்கு இரண்டு கைகள். ஆனால் பிடியின் வலு ஒன்றல்ல. சோதனைக்குழாயில் அளந்தால் சிடி80-ஐ சிடி28 பிடிப்பதைவிட சிடிஎல்ஏ-4 ஏறத்தாழ 20 மடங்கு இறுக்கமாகப் பிடிக்கிறது. சிடி86-இலும் அதுவே முந்துகிறது, இடைவெளி மட்டும் குறைவு. இரண்டும் ஒரே இடத்தில் போட்டியிட்டால் யார் ஜெயிப்பார் என்பதில் சந்தேகமில்லை.

1987-இல் பிரான்சின் மார்சேயில் பியர் கோல்ஸ்டைனின் குழு இந்த மரபணுவை எலியின் கொல்லும் டி செல்களிலிருந்து கண்டெடுத்தபோது அதன் வேலை யாருக்கும் தெரியாது. 1991-இல் பீட்டர் லின்ஸ்லியின் குழு, அது பிடிக்கும் மூலக்கூறுதான் சிடி28-உம் பிடிக்கும் மூலக்கூறு என்று காட்டியது. உடனே பலரும் நினைத்தது, இதுவும் சிடி28 போல டி செல்லைத் தூண்டும் இன்னொரு புரதம் என்றுதான். அதற்கு நேர்மாறு என்று ஜெஃப்ரி புளூஸ்டோன், ஜேம்ஸ் அலிசன் ஆகியோரின் குழுக்கள் 1994, 1995-இல் தனித்தனியாகச் சொன்னபோதும் விவாதம் ஓயவில்லை. ஓய வைத்தவை எலிகள். 1995-இல் இரண்டு குழுக்கள் இந்த மரபணுவே இல்லாத எலிகளை உருவாக்கின. பிறந்தபோது சாதாரணமாக இருந்த குட்டிகளின் மண்ணீரலும் நிணநீர்க்கணுக்களும் வீங்கின. இதயத் தசைக்குள்ளும் கணையத்துக்குள்ளும் டி செல்கள் புகுந்தன. 3, 4 வாரங்களுக்குள் எல்லாம் செத்தன. எந்தக் கிருமியும் காரணமில்லை, சொந்த டி செல்களே.

இந்த எலிகளை வைத்துப் பின்னால் செய்த ஒரு சோதனை எனக்கு மிகப் பிடித்தது. பாடப்புத்தகங்கள் இதற்கு ஒரு வரிக்கு மேல் ஒதுக்குவதில்லை என்பதில் வருத்தம் உண்டு. சொந்தமாக டி செல்லையோ, ஆன்டிபாடி செய்யும் பி செல்லையோ உருவாக்க முடியாத ஓர் எலியை எடுத்துக்கொண்டார்கள். அதற்கு இரண்டு வகை எலும்பு மஜ்ஜையைக் கலந்து செலுத்தினார்கள்: ஒன்று சிடிஎல்ஏ-4 இல்லாத எலியிலிருந்து, மற்றது சாதாரண எலியிலிருந்து. இப்போது அந்த எலியின் உடலில் இரண்டு வகை டி செல்களும் அருகருகே வாழ்கின்றன. பிரேக் கணக்கு சரியென்றால், பிரேக் இல்லாத செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகி எலியைக் கொன்றிருக்க வேண்டும். நடந்தது அதுவல்ல. எலி நோயின்றி வாழ்ந்தது. சிடிஎல்ஏ-4 இல்லாத டி செல்கள், பக்கத்தில் அது உள்ள செல்கள் இருந்தவரை, ஒழுங்காகவே இருந்தன.

இதோடு இன்னொரு தகவலையும் சேர்த்துப் பாருங்கள். சிடிஎல்ஏ-4 இல்லாத எலியிலிருந்து சிடி80, சிடி86 மரபணுக்களையும் நீக்கிவிட்டால் அந்தக் கொடிய நோய் வருவதில்லை. சிடி28-ஐ நீக்கினாலும் அப்படியே. ஆக, சிடிஎல்ஏ-4 இல்லாததால் வரும் கேடு முழுக்க முழுக்க சிடி28-க்குத் தீனி அதிகமாகிப் போவதால் வரும் கேடு. அந்தத் தீனியை யாரோ ஒருவர் பொதுவில் குறைத்துக்கொண்டே இருந்தால் போதும், ஒவ்வொரு செல்லுக்கும் சொந்தக் கட்டுப்பாடு அவசியமில்லை.

அந்த "யாரோ ஒருவர்" யார்? பெரும்பாலும் டி-ரெக் எனப்படும் கட்டுப்படுத்தும் டி செல்கள். சாதாரண டி செல் ஓய்வாக இருக்கும்போது அதனிடம் சிடிஎல்ஏ-4 கிட்டத்தட்ட இருக்காது. தூண்டப்பட்டு இரண்டு மூன்று நாட்களில்தான் வரும். டி-ரெக் செல்களிடமோ எப்போதும் நிறைய இருக்கும். 2008-இல் ஷிமோன் சகாகுச்சியின் குழு டி-ரெக் செல்களிலிருந்து மட்டும் இந்த மரபணுவை நீக்கியது. மற்ற டி செல்களில் மரபணு அப்படியே இருந்தும் அந்த எலிகள் தன்னெதிர்ப்பு நோயால் இறந்தன.

எப்படிக் குறைக்கிறது என்பதை 2011-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் டேவிட் சான்சமின் குழு கண்ணால் பார்க்கும்படி செய்தது. சிடி86-உடன் பச்சையாக ஒளிரும் ஒரு புரதத்தை ஒட்டி, அதைத் தாங்கிய செல்களோடு சிடிஎல்ஏ-4 உள்ள செல்களைச் சேர்த்து வளர்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் பச்சைப் புள்ளிகள் எதிர்ச் செல்லுக்குள் தெரிய ஆரம்பித்தன. அதாவது சிடிஎல்ஏ-4 தான் பிடித்த சிடி86-ஐ அடுத்த செல்லின் மேற்பரப்பிலிருந்து பிய்த்து, தன் செல்லுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. உள்ளே போனது சிதைக்கப்படுகிறது. கொடுத்த செல்லின் மேற்பரப்பில் சிடி86 குறைந்துபோகிறது, அடுத்து வரும் டி செல்லுக்கு இரண்டாவது சமிக்ஞை தர அதனிடம் சரக்கு இல்லை. பிடித்துக்கொண்டு சும்மா நிற்கும் போட்டி அல்ல இது, அள்ளிக்கொண்டு போகிற வேலை.

ஒரு நியாயமான எச்சரிக்கை. சிடிஎல்ஏ-4-இன் வால்பகுதி செல்லுக்குள் நேரடியாகத் தடைச் சமிக்ஞை அனுப்புகிறது என்ற கருத்தும் இருக்கிறது, அதற்கும் ஆய்வுகள் உண்டு. எல்லா ஆய்வாளரும் ஒரே பக்கம் நிற்கவில்லை. கலப்பு மஜ்ஜைச் சோதனையையும் பச்சைப் புள்ளிகளையும் சேர்த்துப் பார்க்கும் எனக்கு, அள்ளிச் செல்வதுதான் முதன்மை, மற்றது துணை என்றே படுகிறது.

அள்ளிச் செல்லும் புரதம் என்று எடுத்துக்கொண்டால் அதன் இன்னொரு விநோதமும் புரியும். மேற்பரப்பில் வேலை செய்ய வேண்டிய புரதம், ஆனால் எந்த நேரத்தில் பார்த்தாலும் அதில் ஏறக்குறைய 90 சதவீதம் செல்லுக்கு உள்ளேதான் இருக்கும். மேலே வந்த சில நிமிடங்களில் உள்ளே இழுக்கப்படும், திரும்ப மேலே அனுப்பப்படும், மறுபடி இழுக்கப்படும். அந்த ஓட்டத்தை நடத்துவது 36 அமினோ அமில நீளமுள்ள அதன் வால். மனிதரிலும் எலியிலும் அந்த வாலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. இத்தனை கோடி ஆண்டுகளில் ஒன்றும் மாறாமல் இருக்கிறதென்றால் அந்த ஓட்டம் எவ்வளவு முக்கியம் என்று யோசித்துக்கொள்ளலாம். உள்ளே போன சிடிஎல்ஏ-4 சிதைவுக்குப் போகாமல் மீண்டும் மேலே வருவதற்கு எல்ஆர்பிஏ என்ற இன்னொரு புரதம் உதவுகிறது. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், சற்றுக் கீழே வருகிறது.

இனி மனிதர்கள். ஒவ்வொருவரிடமும் இந்த மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக இருக்கும். எலியில் இரண்டு பிரதியும் போனால்தான் சாவு, ஒன்று மட்டும் போனால் எலிக்கு ஒன்றும் ஆவதில்லை. அதனால் மனிதரிலும் அப்படித்தான் என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2014-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த ஒரு குழுவும் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கைச் சார்ந்த ஒரு குழுவும் தனித்தனியே வெளியிட்ட முடிவுகள் இதைப் புரட்டிப் போட்டன. சில குடும்பங்களில் ஒரு பிரதி மட்டும் கெட்டவர்கள் கடுமையாக நோயுற்றிருந்தார்கள். குடல், நுரையீரல், சிலருக்கு மூளை வரை டி செல்கள் புகுந்திருந்தன. தீராத வயிற்றுப்போக்கு, ரத்தத் தட்டணுக்களையும் சிவப்பணுக்களையும் சொந்த ஆன்டிபாடிகளே அழிப்பது, வீங்கிய மண்ணீரல். அதோடு முரணாகத் தோன்றும் ஒன்று: இவர்களில் பலருக்கு ரத்தத்தில் ஆன்டிபாடி அளவு குறைந்து, அடிக்கடி சளித்தொற்றும் நிமோனியாவும். நோயெதிர்ப்பு மிகையா, குறைவா என்று கேட்டால் இரண்டும்தான். கட்டுப்பாடு தளர்ந்த டி செல்கள் எங்கெங்கோ புகுந்து சேதம் செய்கின்றன, அந்தக் குழப்பத்தில் பி செல்கள் ஒழுங்காக முதிர்வதில்லை. "இம்யூனிட்டியைக் கூட்டுங்கள்" என்று விளம்பரம் செய்பவர்கள் இந்த நோயாளிகளின் கோப்பை ஒருமுறை படிக்க வேண்டும்.

அந்தக் குடும்பங்களில் இன்னொரு விஷயம் மருத்துவர்களைக் குழப்பியது. அதே மாற்றம் உள்ள அப்பா ஆரோக்கியமாக நடமாடுவார், மகள் மருத்துவமனையில் இருப்பாள். 2018-இல் வெளியான பெரிய தொகுப்பில் இத்தகைய மாற்றம் கொண்ட 133 பேரில் 90 பேருக்கு நோய் இருந்தது. மீதிப் பேரை எது காப்பாற்றுகிறது என்பதற்கு இன்னும் தெளிவான விடை இல்லை.

சிகிச்சைதான் இந்தக் கதையில் அழகான பகுதி. குறைவது சிடி80, சிடி86-ஐ மறைக்கும் திறன் என்று தெரிந்துவிட்டால், அதை வெளியிலிருந்து கொடுக்கலாம். அந்த மருந்து ஏற்கெனவே கையில் இருந்தது. சிடிஎல்ஏ-4-இன் வெளிப்பகுதியை ஆன்டிபாடியின் தண்டோடு ஒட்டிச் செய்த அபாடாசெப்ட், 2005 டிசம்பரிலேயே அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அனுமதி பெற்றிருந்தது. ரத்தத்தில் சுற்றிவந்து சிடி80, சிடி86-இன் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும், சிடி28-க்கு இடமிருக்காது. இதையே ஒரு பிரதி கெட்டவர்களுக்குக் கொடுத்ததில் பலர் தேறினார்கள். மேலே சொன்ன எல்ஆர்பிஏ இங்கேதான் வருகிறது. அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும் கெட்ட குழந்தைகளுக்கும் ஏறக்குறைய இதே நோய்தான். அவர்களின் சிடிஎல்ஏ-4 மரபணு நன்றாகவே இருக்கிறது, ஆனால் செய்யப்படும் புரதம் மேலே திரும்பாமல் உள்ளேயே சிதைந்துவிடுகிறது. இது தெரியும் முன்பே அவர்களில் சிலருக்கு அபாடாசெப்ட் பலன் தந்திருந்தது. ஏன் பலன் தந்தது என்ற விளக்கம் 2015-இல்தான் வந்தது.

இப்போது எதிர்த்திசை. புற்றுநோய் செல்களில் பல, நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு அடையாளம் தெரியக்கூடியவைதான். ஆனால் அவற்றுக்கு எதிரான டி செல்கள் பலவீனமாகத் தூண்டப்பட்டு அடங்கிவிடுகின்றன. சிடிஎல்ஏ-4-இன் பிடியை ஓர் ஆன்டிபாடியால் அடைத்துவிட்டால் சிடி80, சிடி86 நிறையக் கிடைக்கும், அந்த டி செல்கள் முழுவேகத்தில் எழும் என்பது அலிசனின் யோசனை. 1996-இல் எலிகளில் கட்டிகள் கரைவதை அவர் குழு காட்டியது. மனிதருக்கான ஆன்டிபாடி இபிலிமுமாப். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் பரவிய நோயாளிகள் 676 பேரில் நடந்த சோதனையின் முடிவு 2010-இல் வந்தது: இடைநிலை ஆயுள் 6.4 மாதத்திலிருந்து ஏறத்தாழ 10 மாதமானது. எண்ணைப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஐந்தில் ஒருவர் வாக்கில் 3 ஆண்டுகளைத் தாண்டினார்கள், அதன்பின் வரைகோடு ஏறக்குறையத் தட்டையாகிவிட்டது. தாண்டியவர்களில் பலர் பத்தாண்டு வரைகூட வாழ்ந்தார்கள். பரவிய மெலனோமாவில் அதற்கு முன் அப்படி ஒரு கோடு யாரும் பார்த்ததில்லை. 2018-இல் அலிசனுக்கு, டி செல்லை அடக்கும் இன்னொரு புரதமான பிடி-1-ஐக் கண்டறிந்த தசுகு ஹோன்ஜோவோடு சேர்த்து, நோபெல் பரிசு கிடைத்தது.

2011-ஐ மட்டும் தனியே பார்த்தால் உங்கள் கேள்வி அப்படியே உருவெடுத்து நிற்கும். அந்த ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவில் இபிலிமுமாப் அனுமதிக்கப்பட்டது. ஜூனில் பெலாடாசெப்ட் அனுமதிக்கப்பட்டது. இது அபாடாசெப்டில் இரண்டே அமினோ அமிலங்களை மாற்றி, பிடியை இன்னும் இறுக்கியது. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரப்படுகிறது. ஒன்று சிடிஎல்ஏ-4-ஐ அடைக்கிறது, மற்றது சிடிஎல்ஏ-4-ஐக் கூட்டுகிறது. இரண்டையும் தயாரித்தது ஒரே நிறுவனம், பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப்.

பக்க விளைவுகளும் இந்தக் கணக்கைத் தப்பாமல் பின்பற்றுகின்றன. இபிலிமுமாப் பெற்றவர்களுக்குக் குடல் அழற்சி, தோல் தடிப்பு, கல்லீரல் அழற்சி வரும். 2010 சோதனையில் 10 முதல் 15 சதவீதத்தினருக்கு இவை கடுமையாகவே வந்தன. குடலைத் திசுப் பரிசோதனை செய்து பார்த்தால், சிடிஎல்ஏ-4 ஒரு பிரதி கெட்டவரின் குடலைப் பார்ப்பது போலவே இருக்கும். மருந்து தற்காலிகமாகச் செய்வதை அங்கே மரபணு நிரந்தரமாகச் செய்கிறது. பிட்யூட்டரி சுரப்பி அழற்சி என்று ஒன்றும் உண்டு: தலைவலி, சோர்வு, தாழ்ந்த ரத்த அழுத்தம். பிட்யூட்டரி செல்களிலேயே கொஞ்சம் சிடிஎல்ஏ-4 இருப்பது இதற்கு ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. இந்த மருந்து எடுப்பவர் சாதாரணச் சோர்வு என்று விட்டுவிடக் கூடாத அறிகுறி இது. உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எதிர்ப்பக்கத்தில், பெலாடாசெப்டை எப்ஸ்டைன்-பார் வைரஸ் ஒருமுறைகூடத் தொற்றாதவர்களுக்குத் தரக்கூடாது. அடக்கப்பட்ட டி செல்களால் அந்த வைரஸை முதல் சந்திப்பில் சமாளிக்க முடியாமல், வைரஸ் தொற்றிய பி செல்கள் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயாக மாறும் அபாயம் இருக்கிறது.

மரபணு அறிக்கை பற்றிய கேள்விக்கு வருகிறேன். "சிடிஎல்ஏ-4 மாற்றம்" என்ற ஒரே சொல்லில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, உலகில் கோடிக்கணக்கானோரிடம் இருக்கும் பொது வேறுபாடுகள். இவற்றில் பிரபலமானது +49 என்ற இடத்தில் ஏ இருக்கும் இடத்தில் ஜி வருவது, அறிக்கைகளில் ஆர்எஸ்231775 என்று இருக்கும். புரதம் செய்யப்படும்போது வெட்டி எறியப்படும் முன்பகுதியில் ஓர் அமினோ அமிலத்தை இது மாற்றுகிறது. இன்னொன்று சிடி60 (CT60; சிடி80 போன்ற புரதம் அல்ல) எனப்படும் ஆர்எஸ்3087243. கிரேவ்ஸ் நோய், ஹாஷிமோட்டோ தைராய்டு அழற்சி, முதல் வகை நீரிழிவு ஆகியவற்றின் அபாயத்தை இவை சற்றே கூட்டும், அவ்வளவுதான். தனிமனிதரின் எதிர்காலத்தைச் சொல்ல இவை உதவாது. வீட்டிலிருந்தே எச்சில் அனுப்பிப் பெறும் அறிக்கையில் இவை சிவப்பு எழுத்தில் வந்தாலும் அதற்காக மருந்தும் வேண்டாம், உணவுத் துணைப்பொருளும் வேண்டாம்.

மற்றது, ஒரு பிரதியை உண்மையிலேயே செயலிழக்க வைக்கும் அரிய மாற்றம். அறிக்கையில் "நோய் உண்டாக்கக்கூடியது" என்ற வகைப்பாடும், மாற்றம் ஒரே ஒரு பிரதியில் இருக்கிறது என்ற குறிப்பும் இருந்தால் அது இந்த வகையாக இருக்கலாம். அப்போது போக வேண்டியது மரபியல் ஆலோசகரிடமும் நோயெதிர்ப்பியல் மருத்துவரிடமும். அவர்கள் ரத்த அணு எண்ணிக்கை, இம்யூனோகுளோபுலின் (ஆன்டிபாடி) அளவு இவற்றைப் பார்ப்பார்கள். வசதியுள்ள ஆய்வகங்களில் டி-ரெக் செல்களில் சிடிஎல்ஏ-4 எவ்வளவு இருக்கிறது, அவை சிடி80-ஐ எவ்வளவு அள்ளுகின்றன என்பதையே நேரடியாக அளப்பார்கள். குடும்பத்தில் மற்றவர்களுக்கும் பரிசோதனை பரிந்துரைப்பார்கள், ஏனென்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இது கடக்கும் வாய்ப்பு சரிபாதி. மாற்றம் இருந்தும் அறிகுறி இல்லாதவருக்கு மருந்து தொடங்குவதில்லை, கண்காணிப்பு மட்டும் உண்டு. இவர்களில் லிம்போமாவும் இரைப்பைப் புற்றுநோயும் எதிர்பார்ப்பதைவிட அதிகம் காணப்பட்டிருப்பதால் அந்தக் கண்காணிப்பை ஆண்டுக்கணக்கில் தொடர்வார்கள்.